துறைமுகத்து எழுத்தரும் முதலாண்டு மாணவரும்
(கணிதமேதை இராமானுஜன் வாழ்க்கை)

ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்பில் நாம் எழுப்பும் முதல் வினா, இப்பாடத்தை ஏன் தெரிவு செய்தீர்கள் என்பதே. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளிலிருந்து வரும் மாணவர்கள் பலவாறு விடை தருவர். மாமா சொன்னார் என்பார் ஒருவர். தோழன் சேர்ந்ததால் சேர்ந்தேன் என்பார் மற்றொருவர். கட்டணம் குறைவு என்பார் வேறொருவர். கேட்ட இடம் கிடைக்கவில்லை என்று தலைகுனிவாரும் உளர். விருப்பம் என்று உரைப்போர் சிலரே. அவ்விருப்பம் மட்டும் போதுமா என்று எண்ணும்போது நம் நினைவில் எழுபவர், நமக்கு அண்மையிலுள்ள சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த சீனிவாச இராமானுஜன் ஆவார்.

இளமையும் ஒரு நூலும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். வருவாய் போதாமையால் அன்னையார் கோமளத்தம்மாள் கல்லூரி மாணவர் சிலரை வீட்டில் தங்கவைத்து உணவளித்தார். அம்மாணவர்களிடமிருந்தே சிறுவர் இராமானுஜன் தம் வகுப்புக்கு மேற்பட்ட கணிதத்தைக் கற்றார். 1903-ஆம் ஆண்டில் கார் என்பார் தொகுத்த கணித நூல் ஒன்று, நண்பர் வழியாக, கல்லூரி நூலகத்திலிருந்து அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5000 தேற்றங்களைக் கொண்டதும், விரிவான நிறுவல்கள் அற்றதுமான அந்நூல் அவர் வாழ்வின் திசையையே முடிவு செய்தது. வீட்டில் தங்கிய மாணவரும், இரவலாக வந்த நூலும் ஒருவருடைய கல்வியை எவ்வளவு ஆழமாகப் பாதிக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கல்லூரியில் இடறிய கால்

1904-ஆம் ஆண்டில் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கால எஃப்.ஏ. வகுப்பில் கணிதத்துடன் ஆங்கிலம், உடலியல், கிரேக்க உரோமானிய வரலாறு, வடமொழி ஆகியவற்றிலும் தேறவேண்டும். இராமானுஜனோ எந்த வகுப்பிலும் கணிதமே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை நின்றது. ஒரு பருவக் கட்டணம் 32 ரூபாய். தந்தையாரின் மாத வருவாயோ ஏறத்தாழ 20 ரூபாய். 1905-ஆம் ஆண்டில் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுச் சென்றார். 1906-ஆம் ஆண்டில் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். நோயுற்றார், தேர்வில் தோற்றார். மறு ஆண்டும் தோல்வியே கிட்டியது.

இத்தோல்விகளைத் திறமைக் குறைவு என்று கூற எவருக்கும் துணிவு வாராது. அவற்றை அவருடைய பிடிவாதம் மட்டும் விளைவித்தது என்பதும் முழு உண்மையன்று. குடும்ப வறுமை, உதவித்தொகை விதி, பாடத்திட்டத்தின் இறுக்கம், உடல்நலம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அவரைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றின.

துறைமுகத்தில் திறந்த வழி

பின்னர் அவர் பட்டமின்றி, வேலையின்றி அலைந்தார். 1909-ஆம் ஆண்டில் ஜானகி அம்மையாரை மணந்தார், பொறுப்பு கூடியது. குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு கணிதம் அறிந்தோரைத் தேடிச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் அவர் அருமையை உணர்ந்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். 1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் பயின்றவர். அவருடன் மாலைப்பொழுதுகளில் பலகையில் கணக்கிட்டு மகிழ்ந்தவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணைநின்றார். இங்கிருந்தே 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. ஒரு விதியால் வீழ்ந்தவர், மற்றொரு விதி தளர்ந்தமையால் எழுந்தார்.

1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் இதே துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். 1918-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். நோயுடன் 1919-இல் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 32 மட்டுமே.

நமக்குரிய பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வகுப்பில் மாணவர் ஒருவர் இருந்தார். தமிழ்த்தாளில் முதல்வர், ஆங்கிலத்தில் தோற்றவர். இரண்டாம் பருவத்தில் அவர் வருகை குறைந்தது. பதிவேட்டில் வராதவர் என்று குறித்தோமேயன்றி, ஏன் வரவில்லை என்று கேட்டோமில்லை. தந்தையார் படுக்கையில் வீழ்ந்த செய்தி நம் செவிக்கு எட்டியபோது, அவர் கன்டெய்னர் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார். அக்குறை நம்முடையதே. அன்றுமுதல், வராத மாணவரைப் பற்றி முதல் வாரத்திலேயே வினவி அறிவதை வழக்கமாகக் கொண்டுள்ளோம்.

முதலாண்டு மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் தெரிவை உந்தியது எது என்று எண்ணிப் பாருங்கள்: வீட்டாரின் சொல்லா, தோழரின் துணையா, பணமுடையா, உண்மையான நாட்டமா? எதுவாயினும் நாணற்க. நாட்டம் உண்டெனில், அதனைக் காக்கும்பொருட்டேனும் நாட்டமில்லாத தாள்களிலும் தேறுங்கள். உதவித்தொகையின் விதிகளைப் படித்தறியுங்கள். இடர் வந்தால் விலகிச் செல்லுமுன் ஓர் ஆசிரியரிடம் வாய்திறந்து கூறுங்கள். இராமானுஜன் தம் குறிப்பேட்டுடன் கதவுகளைத் தட்டியமையால்தான் அவை திறந்தன. திறக்கும் கடமை ஆசிரியராகிய நமக்கு உண்டு.

1993-ஆம் ஆண்டில் அவர் நினைவாக அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டதும் நம் இராயபுரத்திலேதான். துறைமுகச் சாலை வழியே கல்லூரிக்கு வரும் மாணவர், முப்பது ரூபாய் ஊதியத்துக்கு அங்கே கணக்கெழுதிய அவ்விளைஞரை ஒருகணம் நினைப்பாராக.