அழுத்திப் பார்த்து அளந்தவர் – ஹைன்ரிச் ஹெர்ட்ஸ்



ஹெர்ட்ஸ் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? எஃப்.எம். ரேடியோ. அதிர்வெண்ணின் அலகு. பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி. அதோடு சரி! ஆனா அந்த மனுஷர் ரேடியோ அலைகளைத் தொடுவதற்கு முன்னாடியே இன்னொரு பெரிய வேலையைச் செய்து முடித்துவிட்டார். அது நிறையப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மாதம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

★ பிறப்பும் படிப்பும்

1857 பிப்ரவரி 22-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். அப்பா வக்கீல். பையன் பாடத்திலும் கெட்டி, கைவேலையிலும் கெட்டி. தச்சு வேலையும், லேத்தில் மரம் கடைவதும் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் பேராசிரியர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், கடைசல் சொல்லிக்கொடுத்தவர் சந்தோஷப்படவில்லையாம். ஒரு அருமையான கடைசல்காரன் வீணாகிப் போனானே என்று வருத்தப்பட்டாராம்!

முதலில் அவர் போனது இன்ஜினியரிங் பக்கம்தான். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?) 1877-ல் மேற்படிப்புக்காக மியூனிக் போனபோது மனசு இயற்பியலையே சுற்றிச் சுற்றி வந்தது. அப்பாவுக்குக் கடிதம் எழுதி, இன்ஜினியரிங்கை விட்டு இயற்பியல் படிக்கச் சம்மதம் கேட்டார். அப்பாவும் சம்மதித்தார். இவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். எந்த குரூப் எடுப்பது என்று தவிக்கிற பத்தாம் வகுப்பு நண்பர்களே, வீட்டில் சண்டையும் போடாமல், ஆசையை மறைக்கவும் செய்யாமல் கேட்டுப் பார்க்கலாம் இல்லையா?

அப்புறம் பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் படித்தார். 1880-ல் டாக்டர் பட்டம் வாங்கி, அவரிடமே உதவியாளராகச் சேர்ந்தார்.

★ லீவில் போட்ட கணக்கு

1880 கிறிஸ்துமஸ் லீவு. ஒரு லென்ஸின் மேல் இன்னொரு லென்ஸை வைத்தால் வளையம் வளையமாகத் தெரியுமே, அந்த நியூட்டன் வளையங்கள் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சந்தேகம் வந்தது. லென்ஸை அழுத்திப் பிடித்தால் கண்ணாடியும் துளியூண்டு நசுங்குமே, அப்போ வளையங்கள் மாறாதா? நாமாக இருந்தால் கண்ணாடியாவது நசுங்குவதாவது என்று சிரித்திருப்போம். அவர் கணக்குப் போட்டார். 1881 ஜனவரி 31-ல் பெர்லின் இயற்பியல் கழகத்தில் அதைப் படித்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயசு 23!

அந்தக் கணக்கு சொல்வது இதுதான். ஒரு உருண்டைக் குண்டை ஒரு பொருளின் மேல் அழுத்தினால், 4 மடங்கு ஆழம் போக 4 மடங்கு விசை போதாது, 8 மடங்கு வேண்டும். ஏன்னா, உள்ளே போகப் போக குண்டு தொடுகிற இடமும் அகலமாகிக்கொண்டே போகிறது. விசை, ஆழம், குண்டின் ஆரம் ஆகியவற்றை அளந்து, பாய்சான் விகிதமும் தெரிந்தால் யங் குணகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நம்ம லேபில் கம்பியில் எடை தொங்கவிட்டு யங் குணகம் காண்கிறோம். ஜெல்லியைக் கம்பி மாதிரி கட்டித் தொங்கவிட முடியுமா? அங்கேதான் இந்த வழி கைகொடுக்கிறது.

★ புகழும் முடிவும்

1886 முதல் 1888 வரை கார்ல்ஸ்ரூவில் செய்த சோதனைகளில், மேக்ஸ்வெல் கணக்கில் மட்டும் காட்டிய மின்காந்த அலைகளை நிஜமாகவே உண்டாக்கிக் காட்டினார். உலகப்புகழ் வந்தது. 1889-ல் பான் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1892-லிருந்து கடுமையான நோய், ஆபரேஷன்கள். 1894 ஜனவரி 1-ல் காலமானார். 36 வயசுதான். மனைவியும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

★ அவர் விட்ட இடம்

ஹெர்ட்ஸின் கணக்கு, விட்டவுடன் பழைய நிலைக்கு வந்துவிடும் பொருளுக்குத்தான் சரி. சப்பாத்தி மாவு, ஜெல்லி, நம்ம உடம்புத் தசை எல்லாம் அப்படி இல்லை. இவற்றில் ரப்பர் குணமும் இருக்கிறது, பாகு குணமும் இருக்கிறது. வேகமாக அழுத்தினால் விறைப்பு காட்டும், மெதுவாக அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். ஒரே ஆழத்தில் பிடித்து வைத்தால் எதிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதனால் எவ்வளவு ஆழம் என்று கேட்டால் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் என்றும் கேட்க வேண்டும்.

இப்படி எதிர்ப்பு தளர்வதை 1867-லேயே கணக்காக எழுதியவர் யார் தெரியுமா? அதே மேக்ஸ்வெல்! 1960-ல் லீ, ராடோக் என்ற இருவர் ஹெர்ட்ஸின் கணக்கையே நேரத்தோடு மாறும் பொருள்களுக்கும் பொருந்துமாறு விரித்தார்கள். மெத்தென்ற பொருள் குண்டில் ஒட்டிக்கொள்ளுமே, அதையும் 1971-ல் ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் மூவரும் சேர்த்தார்கள்.

1986-ல் அணுவிசை நுண்ணோக்கி வந்தது. அதன் நுனியால் ஒரே ஒரு செல்லைக்கூட அழுத்தி அளக்கலாம். 2007-ல் நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த செல்களை இப்படி அளந்தபோது, புற்றுநோய் செல்கள் சாதாரண செல்களைவிட மிகவும் மெதுவாக, அதாவது மிருதுவாக இருந்தன. கண்ணாடிக்காக ஒரு லீவில் போட்ட கணக்கு எங்கே வந்து நிற்கிறது பாருங்க!

★ செய்து பாருங்க!

சப்பாத்தி மாவில் இரண்டு உருண்டை. ஒன்றில் கோலியைச் சட்டென்று அழுத்தி எடுங்கள். இன்னொன்றில் அதே ஆழத்துக்கு அழுத்தி, ஒரு நிமிஷம் பிடித்து எடுங்கள். எந்தக் குழி சீக்கிரம் மேலே வருகிறது? பார்த்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள். (அம்மாவிடம் கேட்டுவிட்டு மாவை எடுக்கவும்!)

– பிளஸ் ஒன் மாணவி