மாலஸும் தூண்டில்காரர் கண்ணாடியும்

என் தாய்மாமன் ஞாயிறு தவறாமல் ஏரிக்கரையில் தூண்டிலோடு அமர்கிறவர். சென்ற விடுமுறையில் அவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். வெயில் நீரில் பட்டுக் கண்ணைப் பறிக்கிறது. தக்கை தெரிகிறது, அதன் கீழே வரும் மீன் தெரிவதில்லை. மீன் பிடிப்போருக்கென்றே போலரைஸ்டு கண்ணாடி விற்கிறார்கள், ஆனால் கடையில் எல்லாமே ஒரே கறுப்பாக இருக்கின்றன, இயற்பியல் படிக்கிற நீதான் எது நல்லது என்று சொல்ல வேண்டும் என்றார். கடைக்கே சென்று விடை சொல்லிவிட்டேன். அந்த விடையை உலகுக்கு முதலில் தந்தவரைப் பற்றிப் பிறகு நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான், நாம் ஒரு வரிச் சூத்திரமாக மனப்பாடம் செய்யும் மாலஸ் விதிக்குப் பின்னால் இப்படியும் ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்று வியந்தேன்.

எத்தியென் லூயி மாலஸ் 1775ஆம் ஆண்டு ஜூலை 23இல் பாரிஸில் பிறந்தார். இளமையில் அவரை ஈர்த்தவை இலக்கியமும் கணிதமும். நாடகம் எழுதிப் பார்த்தவர் என்றால் இன்றைய அறிவியல் மாணவர்கள் நம்புவார்களோ என்னவோ! மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் அது பிரெஞ்சுப் புரட்சியின் காலம். அவர் தந்தை பழைய அரசின் கருவூலப் பணியில் இருந்தவர். சந்தேகத்திற்குரியவர் என்று முத்திரை குத்தி மகனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மாலஸ் சாதாரணப் படைவீரனாகச் சேர்ந்து டன்கிர்க் கோட்டையில் மண் வெட்டினார். அங்கே மண் சுமப்போர் வீண் அலைச்சலின்றி வேலை செய்வதைக் கவனித்த பொறியாளர் ஒருவர், அந்த ஏற்பாடு யாருடையது என்று விசாரித்தார். மாலஸ் அகப்பட்டார்! 1794இல் புதிதாகத் தொடங்கப்பட்ட பாலிடெக்னிக் கல்லூரிக்கு அவரை அனுப்பிவைத்தார்கள்.

1798இல் நெப்போலியனின் படையோடு எகிப்து சென்றார். மறு ஆண்டு யாப்பா நகரில் கொள்ளைநோய் பரவியது. அங்கே மருத்துவமனையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பில் இருந்த மாலஸையும் நோய் பற்றியது. உடனிருந்தோர் பலர் மடிய, இவர் பிழைத்தார். ஆனால் உடல் பழைய உடலாக இல்லை. அந்தப் போர்ச்சூழலிலும் ஒளியைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார் என்பதை நினைக்க நினைக்க, தேர்வுக்குப் பத்து நாள் விடுமுறை போதவில்லை என்று முணுமுணுக்கும் நம் நிலை நினைவுக்கு வருகிறது. 1801இல் நாடு திரும்பி, போருக்குப் போகுமுன் நிச்சயித்திருந்த ஜெர்மன் நாட்டுப் பெண்ணை மணந்தார்.

1808ஆம் ஆண்டு, இரட்டை ஒளிவிலகலுக்குக் கணித விளக்கம் தருவோருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது. ஐஸ்லாந்துப் படிகத்தின் வழியே பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். அதற்குக் காரணம் என்ன என்பதே கேள்வி. மாலஸ் அந்தப் படிகமும் கையுமாக இருந்தார். ஒரு மாலை, பாரிஸில் தம் வீட்டிலிருந்து எதிரே லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல் கண்ணாடிகளில் எதிரொளித்த அந்திச் சூரியனைப் படிகத்தின் வழியே பார்த்தார். இரண்டு பிம்பங்களும் ஒரே பிரகாசத்தில் தெரிந்திருக்க வேண்டும். படிகத்தைத் திருப்பியபோது ஒன்று மங்கியது. மேலும் திருப்பினால் அது ஒளிர்ந்து மற்றது மங்கியது. சூரியன் மறைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி, நீரிலும் கண்ணாடியிலும் பட்டு வரும் அதன் ஒளியைச் சோதித்தார். சாய்ந்து விழுந்து எதிரொளிக்கும் ஒளி தளவிளைவுற்றது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது என்று இன்று நாம் சொல்லும் உண்மை அன்றிரவு பிடிபட்டது. நீருக்கு அந்தக் கோணம் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 53 பாகை.

என் மாமனுக்கு வேண்டியதும் இதுவேதான். ஏரியில் பட்டு வரும் கூச்சவொளி பெரும்பாலும் கிடைமட்டத்தில் அதிர்கிறது. நீருக்குள்ளிருந்து மீனைக் காட்டும் ஒளி அப்படியன்று. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இரண்டையும் சேர்த்தே குறைக்கும்; கூச்சமும் மீனும் ஒன்றாக மங்கினால் யாருக்கு என்ன லாபம்? தளவிளைவுக் கண்ணாடி கிடைமட்ட அதிர்வை மட்டும் தடுக்கும். எனவே கடையில் செய்ய வேண்டியது மாலஸ் செய்ததேதான்: மேசைக் கண்ணாடியில் பளபளக்கும் விளக்கொளியைச் சாய்வாகப் பார்த்துக்கொண்டே வாங்கப்போகும் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். பளபளப்பு மங்கியும் ஒளிர்ந்தும் மாறினால் அது அசல். மாறாவிட்டால் வெறும் சாயம். பித்தளை, எவர்சில்வர் மீது சோதித்தால் ஏமாறுவோம். உலோகத்தின் எதிரொளிப்பு முழுமையாகத் தளவிளைவுறாது. இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்தால் இருட்டிவிட வேண்டும். ஒளியின் செறிவு கோணத்தின் கோசைன் வர்க்கத்திற்கு நேர்விகிதம், 90 பாகையில் சுழி என்ற மாலஸ் விதி அதுதான்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஆழமில்லாத ஏரிக்கும் ஆற்றுக்கும் தேன்நிறமோ தாமிர நிறமோ அடிமணலையும் மீனையும் பிரித்துக் காட்டும். வெயில் கொளுத்தும் நடுக்கடலுக்குச் சாம்பல் நிறம் ஏற்றது. ஓரங்களில் ஒளி புகாதபடி முகத்தோடு ஒட்டியிருப்பது நல்லது. புறஊதாக் கதிர்த் தடுப்பு தனிச் சங்கதி. அதற்கான குறிப்பைத் தனியே பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததானாலும், நேர் கீழே குனிந்து பார்த்தால் பயன் குறைவு. கிடைமட்டத்திலிருந்து 37 பாகை அளவில் பார்வையைத் தாழ்த்தினால் மீன் நன்றாகத் தெரியும்.

1810இல் மாலஸுக்கே பரிசு கிடைத்தது. அறிவியல் கழகத்தில் உறுப்பினர் பதவியும் வந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் போரில் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், லண்டன் ராயல் சொசைட்டி எதிரிநாட்டு ராணுவ அதிகாரியான அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் வழங்கியது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது. அதற்குள் காசநோய் முற்றியிருந்தது. மனைவி இரவு பகலாகப் பணிவிடை செய்தும் பயனில்லை. 1812 பிப்ரவரி 24இல், 36 வயதில் மாலஸ் மறைந்தார். மறு ஆண்டே அந்த அம்மையாரும் மறைந்தார்.

ஒளி துகள்களால் ஆனது என்றே மாலஸ் கடைசிவரை நம்பினார். காந்தத்திற்குப் போல அத்துகள்களுக்கும் துருவங்கள் உண்டு என்று எண்ணித்தான் தம் கண்டுபிடிப்புக்குத் துருவத்தைக் குறிக்கும் போலரைசேஷன் என்ற பெயரை வைத்தார். அவர் மறைந்து பத்தாண்டுகள் ஆவதற்குள், அதே கண்டுபிடிப்பைச் சான்றாகக் கொண்டு ஃபிரனெல் ஒளியைக் குறுக்கலை என்று நிறுவினார். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. கடைக் கண்ணாடிகளின் உறையில் இன்றும் அச்சாகியிருப்பது அவர் வைத்த அந்தப் பெயர்தான்.