திருவாரூரிலிருந்து சிங்கப்பூர் சென்ற தமிழவேள்

நம் காரைக்காலில் கடல் கடந்த உறவு இல்லாத வீடு அரிது. 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிசுக்குச் சென்றவர்கள் ஒருபுறம்; அதற்கு வெகுகாலம் முன்பே நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் மறுபுறம். போன இடத்தில் அவர்களுடைய பிள்ளைகள் எந்த மொழியில் படித்தார்கள், அவர்களுக்காக யார் வாதாடினார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. அப்படி வாதாடியவர்களுள் ஒருவர் நம் அண்டை ஊர்க்காரர். 1903இல் திருவாரூரில் பிறந்த திரு. கோ. சாரங்கபாணி அவர்கள்.

1924இல் அவர் சிங்கப்பூரில் இறங்கினார். கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஆனால் அவர் மனம் பேரேட்டில் நிற்கவில்லை. சீர்திருத்தச் சங்கம், முன்னேற்றம் என்ற வார இதழ் என்று பொதுப்பணியில் இறங்கினார். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். விலை ஒரு காசு! கூலித் தொழிலாளியும் வாங்கிப் படிக்கவேண்டும் என்பதே நோக்கம்.

அக்காலத்துப் பிள்ளைகளின் நிலை எப்படி இருந்தது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்கவேண்டும் என்று மலாய் நாடுகளில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. பள்ளி வந்தது உண்மைதான். ஆனால் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். எழுத்துக் கூட்டத் தெரிந்தவுடன் பிள்ளை பெற்றோருடன் பால்மரக்காட்டுக்குப் போய்விடும். நகரமான சிங்கப்பூரிலும் தமிழ்ப் பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன; மேலே படிக்க ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். 1946இல் தோன்றிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1960இல்தான் உயர்நிலைப் பள்ளியாயிற்று. தாய்மொழியில் தொடங்கிய படிப்பு நடுவழியில் அறுந்துபோனால் அந்தப் பிள்ளைக்கு எம்மொழியும் உருப்படியாக வாய்க்காது என்பதை, ஆசிரியப் பணியில் இருப்போர் நன்கு அறிவர்.

முரசு இதை விடாமல் எழுதியது. 1950களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைச் சிறுவர்களுக்கென்றே ஒதுக்கியது. பள்ளியில் கற்ற தமிழைக் கட்டுரையாகவும் கவிதையாகவும் அச்சில் காணும் மகிழ்ச்சி அப்பிள்ளைகளுக்குக் கிட்டியது. பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கிய பலர் அதில் வளர்ந்தவர்களே. எங்கள் எண்ணத்தில், திரு. சாரங்கபாணி செய்தவற்றுள் மிக அருமையானது இதுதான். மேடைப் பேச்சு மறந்துபோகும். பத்து வயதில் தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

அடுத்தது பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, முதலிடம் வடமொழிக்கா தமிழுக்கா என்ற வாதம் எழுந்தது. தமிழுக்கே என்று அவர் போராடினார். தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தனர். அவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலைக் கண்ணால் கண்டதில்லை. 1956இல் துறை உருவாயிற்று.

அவர் சுயமரியாதை இயக்கத்தைச் சார்ந்தவர். சமய நம்பிக்கையில் நம்மோடு உடன்படாதவர். எனினும் அவர் பாடுபட்டு நிலைநாட்டிய அத்துறைக்கு 1961இல் தலைமை ஏற்றவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவாகிய தனிநாயகம் அடிகளார்! முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியதும் அடிகளாரின் முயற்சியால்தான்.

அவர் மணந்தது ஒரு சீனப் பெண்மணியை. பல மொழிகள் பேசும் நாட்டில் தமிழன் ஒதுங்கி வாழவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமையைப் பதிந்துகொள்ளுங்கள் என்றே 1957இல் மக்களை வற்புறுத்தினார். 1965இல் நாடு விடுதலை பெற்றபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழியாக இருந்தது.

1974இல் அவர் மறைந்தார். வேலைவாய்ப்பை எண்ணிப் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளையே நாடியதால், உமறுப் புலவர் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. ஆயினும் அப்பெயரில் ஒரு தமிழ் மொழி நிலையம் அங்கே நடக்கிறது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள், பள்ளி விட்டதும் புத்தகப் பையோடு அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள்.