செருப்பும் ‘சாண்டல்’, சந்தனமும் ‘சாண்டல்’... வார்த்தைகளின் வேரைத் தேடிய தஞ்சாவூர் ஜட்ஜ்!

வேலூர் பக்கத்துல அமிர்திக்குப் போயிருக்கீங்களா? ஜூவும் அருவியும் இருக்கிற இடம். அங்கே தொடங்கும் ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பேர்போனது. அந்த மரத்தை இங்கிலீஷ்ல ‘சாண்டல்’னு சொல்றோம். கால்ல போடுறதும் ‘சாண்டல்’தானே, ரெண்டும் ஒண்ணா?

இல்லை. செருப்பு, கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. மரமோ சம்ஸ்கிருத ‘சந்தன’. அரபி, கிரேக்கம், லத்தீன் எனப் பல வாய் மாறி ஆங்கிலத்துக்குப் போனது. இப்படிக் கப்பலேறிய வார்த்தைகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர் ஆர்தர் கோக் பர்னல்.

1840-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1860-ல் மெட்ராஸ் சிவில் சர்வீஸ் வேலைக்கு வந்தார். கோர்ட் வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஓலைச்சுவடிதான். தென்னிந்திய எழுத்துகளின் வரலாறு பற்றி 1874-ல் புத்தகம் போட்டார். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தபோது அரண்மனை சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தார். 1880-ல் அது அச்சானது. ஒரு ஆபீஸே சேர்ந்து செய்யவேண்டிய வேலை அது. உடம்பு தாங்கலை.

இதுக்கு நடுவுல, ஹென்றி யூல் என்ற ஓய்வுபெற்ற ராணுவ எஞ்சினியருடன் கடிதத்திலேயே ஒரு அகராதியை வளர்த்தார். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆனது எல்லாம் அதில் உண்டு. ஒரு சொல் எந்த வருஷம், யார் எழுத்தில், என்ன ஸ்பெல்லிங்கில் வந்தது என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இன்னிக்குப் படிச்சாலும் சுவாரஸ்யம் குறையாது.

பர்னல் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. 1882 அக்டோபரில், 42 வயதில் இறந்துபோனார். யூல் மீதியை முடித்தார். 1886-ல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ வெளியானபோது இருவர் பெயரும் அதில் இருந்தன.

அதில் ‘சாண்டல்’ இருக்கும் அதே தலைப்பில் ‘சாண்டர்ஸ்’ என்ற சொல்லும் இருக்கிறது. சந்தனத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பழைய பெயர்களில் ஒன்று. செய்திகளில் அடிபடும் ‘ரெட் சாண்டர்ஸ்’ அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அது செம்மரம். சந்தனத்துக்கு உறவே இல்லாத வேறு மரம், அந்த வாசமும் கிடையாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள்.