நாக்கைச் சோதித்த லூயி பாஸ்டர்

தரமணியில் மத்திய சர்க்காரின் ஓட்டல் நிர்வாகக் கல்வி நிலையம் இருக்கிறது. சமைப்பது, பரிமாறுவது, விருந்தினரை உபசரிப்பது எல்லாம் அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுத் திராட்சை மதுவைப் பற்றியும் பாடம் உண்டு. பெரிய ஓட்டல்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்தப் பாடத்துக்கும், காலையில் நம் வீட்டுக்கு வரும் பாலுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பாலைப் பாஸ்டரைஸ் செய்து விற்கிறார்கள். ஒரு மனிதரின் பெயரில் இருந்து பிறந்த சொல் அது. ஆனால் அவர் அந்த முறையைக் கண்டுபிடித்தது பாலுக்காக அல்ல. திராட்சை மதுவுக்காக!

அவர்தான் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்ட அதே பாஸ்டர்.

தோல் பதனிடுபவர் மகன்

பிரான்சு நாட்டில் டோல் என்ற ஊரில் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டர் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. நெப்போலியன் படையில் போர் வீரராக இருந்தவர். பாஸ்டர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஆர்புவா என்ற ஊருக்குக் குடி போயிற்று. அந்த ஊரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள்.

பாஸ்டர் ரசாயனம் படித்தார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் திராட்சைதான். மது வைத்திருக்கும் பீப்பாயின் உள்பக்கத்தில் உப்பு போல ஒரு பொருள் படியும். அதில் இருப்பது டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருவதும் அதுதான். அந்த அமிலத்தின் உப்பை ஆராய்ந்து, 1848-ல் பெரிய ரசாயன உண்மை ஒன்றைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 25.

கெட்டுப் போன மது

1860-ல் பிரான்சும் இங்கிலாந்தும் வியாபார ஒப்பந்தம் செய்து கொண்டன. பிரெஞ்சு மது வெளிநாடுகளுக்கு ஏராளமாகப் போகத் தொடங்கியது. ஆனால், நன்றாக இருந்த மது வழியிலேயே கெட்டது. சில புட்டிகளில் புளித்தது. சிலவற்றில் கசந்தது. சிலவற்றில் எண்ணெய் போலக் கொழகொழத்தது. வாங்கியவர்கள் குறை சொன்னார்கள்.

மது உடலுக்குக் கேடு என்பது இன்றைய மருத்துவம் சொல்லும் உண்மை. ஆனால் அன்று பிரான்சில் எத்தனையோ குடியானவர்களுக்குத் திராட்சைதான் சோறு போட்டது. மது கெட்டால் அவர்கள் பிழைப்பு கெட்டது.

1863-ல் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரை அழைத்தார். மது ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பாஸ்டர் தம் சொந்த ஊரான ஆர்புவாவுக்குப் போனார். பழைய காபி விடுதி ஒன்றில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். ஊர்க் கொல்லரும் தச்சரும் செய்து கொடுத்த சாமான்களே அவருடைய கருவிகள்!

கெட்ட மதுவில் ஒரு துளியை எடுத்து, பெருக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நுண்ணுயிர்கள் தெரிந்தன. புளித்த மதுவில் ஒரு வகை. கசந்த மதுவில் வேறு வகை. பிறகு, மதுவை நாவில் வைக்காமலே அதற்கு என்ன நோய் என்று சொல்லி விடுவார்.

பழசாக ஆக ருசி ஏன்?

புது அரிசியை விடப் பழைய அரிசி நல்லது என்போம். உயர்ந்த சிவப்பு மதுவும் அப்படித்தான். போர்தோ என்ற பகுதியின் சிவப்பு மது பல திராட்சைகளின் கலவை. காபிக் கடையில் பீபரியும் பிளாண்டேஷனும் கலந்து அரைத்து வாங்குகிறோமே, அது போல. கபர்னே என்ற திராட்சை துவர்ப்பைத் தரும். மெர்லோ என்பது மென்மையைத் தரும்.

மதுவைச் சோதிக்கும் நிபுணர் முதலில் நிறத்தைப் பார்ப்பார். பிறகு முகர்வார். பிறகு ஒரு வாய் சுவைத்துத் துப்பி விடுவார். புளிப்பு போதுமா, துவர்ப்பு எவ்வளவு, ருசி நாவில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பார். புது மதுவில் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். ஆனால் ஆண்டுக் கணக்கில் வைத்திருக்க அந்தத் துவர்ப்பு வேண்டும். நாளாக ஆக அது மெல்ல இணைந்து, அடியில் வண்டலாகப் படியும். மது மென்மையாகும்.

இந்தத் துவர்ச்சத்து பாஸ்டரின் தந்தைக்கும் பழக்கமானதே. தோலைப் பதப்படுத்துவது அதுதான். ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையிலும், நம் நாட்டில் ஆவாரம்பட்டையிலும் அது இருக்கிறது.

மது முதிர்வதற்குக் காரணம் என்ன? பாஸ்டர் கண்ணாடிக் குழாய்களில் மதுவை அடைத்து மூடினார். சில குழாய்களில் காற்றே இல்லாமல் நிரப்பினார். சிலவற்றில் பாதி மது, பாதி காற்று. நிரம்பிய குழாயில் மது அப்படியே இருந்தது. காற்று இருந்த குழாயில் நிறம் மாறியது, வண்டல் படிந்தது, பழைய மதுவின் ருசி வந்தது. பீப்பாய் மரத்தின் வழியே சிறிது சிறிதாகக் காற்று புகுவதால் மது முதிர்கிறது என்று புரிந்தது. அளவுக்கு மேல் காற்றுப் பட்டால் கெட்டு விடும்.

ஒரே மது, இரண்டு கிண்ணம்

கெடுக்கும் கிருமியைக் கொல்ல வேண்டும். ருசியைக் கொல்லக் கூடாது. பாஸ்டர் வழி கண்டார். காற்றுப் படாமல் மூடிய மதுவை 50 முதல் 60 டிகிரி வரை சிறிது நேரம் சூடாக்கினார். கொதிக்க விடவில்லை. கிருமிகள் ஒடுங்கின. 1865-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை வைத்துப் பணம் சேர்க்கவில்லை. எல்லோரும் பயன்படுத்த விட்டு விட்டார்.

மதுவைச் சுட வைப்பதா? மணம் போய்விடும், இனி முதிராது என்று எதிர்ப்புக் கிளம்பியது. பாரிஸ் மது வியாபாரிகள் நிபுணர் குழுவை அமைத்தார்கள். சுட வைத்த மதுவையும் சுட வைக்காத மதுவையும் அவர்கள் சுவைத்தார்கள். வித்தியாசம் தெரிகிறது என்றார்கள் சிலர்.

பாஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. வித்தியாசம் மதுவில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா? ஒரு நாள் ஒரே மதுவை இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தார். அதை யாருக்கும் சொல்லவில்லை. நிபுணர்கள் சுவைத்தார்கள். அதிலும் வித்தியாசம் கண்டார்கள்!

மதுவைச் சோதிக்க வந்தவர்களின் நாக்கையே அவர் சோதித்து விட்டார். சூட்டினால் வரும் மாறுதல், இருந்தாலும், மிக மிகச் சிறியது என்று குழு முடிவில் ஒப்புக் கொண்டது.

கடல் செய்த சோதனை

அடுத்த சோதனை கடலில் நடந்தது. ழான் பார்ட் என்ற கப்பலில் 500 லிட்டர் மதுவை ஏற்றினார்கள். பாதி சுட வைத்தது. பாதி சுட வைக்காதது. பத்து மாதம் கழித்துக் கப்பல் திரும்பியது. சுட வைத்த மது தெளிவாக, மென்மையாக, பழைய மது போல முதிர்ந்திருந்தது. மற்றது துவர்ந்து, புளிப்பை நெருங்கி இருந்தது. 1868-ல் தூலோன் துறைமுகத்தில் இரண்டே நாளில் 65,000 லிட்டரைச் சூடாக்கிக் காட்டினார் பாஸ்டர்.

இந்த வெற்றிகளுக்கு நடுவில் அவர் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? மூத்த மகள் ஜான் 1859-லேயே டைபாய்டு காய்ச்சலில் இறந்து விட்டாள். 1865 ஜூன் மாதம் தந்தை காலமானார். செப்டம்பரில் இரண்டு வயதுக் குழந்தை கமீல் இறந்தது. 1866 மே மாதம் 12 வயது மகள் செசீலும் டைபாய்டுக்குப் பலியானாள். அந்த 1866-ல்தான் மதுவைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1868 அக்டோபரில் அவருக்கே பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்தன. அப்போது வயது 45.

மதுவைக் கெடுக்கும் கிருமியைப் பிடித்தவருக்கு, மகள்களைக் கொண்டு போன நோயைப் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் அவர் ஓயவில்லை. மதுவுக்கு நோய் தரக் கிருமி உண்டு என்றால், மனிதனுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று எண்ணினார். அந்த வழியே நடந்து, 1885-ல் வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனைக் காப்பாற்றினார். 1895 செப்டம்பர் 28-ந் தேதி கண் மூடினார்.

நமக்குக் கிடைத்தது

உயர்ந்த மதுக்களை இன்று பெரும்பாலும் சூடாக்குவது இல்லை. சுத்தமும் வேறு முறைகளும் வந்து விட்டன. ஆனால் பாலுக்கு அவர் முறை நிலைத்து விட்டது. நம் நீலகிரி மலையில், குன்னூரில், அவர் பெயர் கொண்ட பாஸ்டர் நிலையம் 1907-ல் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடி மருந்துக்கு அது பேர் பெற்றது.

தரமணி மாணவர்கள் நாக்கைப் பழக்குகிறார்கள். ருசி அறிய நாக்கு வேண்டும். ஆனால் பாலில் கிருமி இருக்கிறதா என்று எந்த நாக்காலும் சொல்ல முடியாது. நாளைக் காலை பால் வாங்கும்போது, ஒரே மதுவை இரண்டு கிண்ணங்களில் ஊற்றிய அந்த மனிதரைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.