தென்கிழக்குக் கல்கத்தாவின் முதல் பிரதிநிதி

லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிய கையோடு டிராமில் எஸ்பிளனேடு சென்ற நம்மவர் அனைவரும் சியாமப்பிரசாத் முகர்ஜி சாலையைக் கடந்து, ஹாஜ்ரா முனைக்கு அப்பால் ஆசுதோஷ் முகர்ஜி சாலையில் நுழைந்தவர்களே. முன்னது மகன் பெயர்; பின்னது தகப்பனார் பெயர்.

தகப்பனாருக்குத் தென்னாட்டார் என்றும் கடமைப்பட்டவர்கள். சர்க்கார் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்துவந்த சி. வி. இராமனைப் பேராசிரியராக்கியவரும், மைசூரிலிருந்து இராதாகிருஷ்ணனை அழைத்துவந்தவரும் அவரே.

சியாமப்பிரசாதர் 1901 ஜூலை 6-ஆம் தேதி பிறந்தார். 1934-இல், தமது 33-ஆம் வயதில், கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தரானார். 1937-இல் பட்டமளிப்பு விழாவுக்கு இரவீந்திரநாதரை அழைத்து, ஆங்கிலமே ஒலித்துவந்த அம்மண்டபத்தில் வங்காள மொழியில் பேருரை நிகழ்த்தச் செய்தார். தாய்மொழிப் பற்றுள்ள நமக்கு அச்செயலின் அருமை தெரியாமற் போகாது.

பஸ்லுல் ஹக் மந்திரிசபையில் நிதி மந்திரியாக இருந்து 1942-இல் விலகினார். 1943-இல் பஞ்ச நிவாரணத்தில் ஈடுபட்டார். ஹிந்து மகாசபைத் தலைவராக இருந்த அவரை, 1947-இல் நேரு தமது மந்திரிசபையில் கைத்தொழில் மந்திரியாகச் சேர்த்துக்கொண்டார். 1950-இல் நேரு-லியாகத் அலி ஒப்பந்தம் கிழக்கு வங்காளத்து ஹிந்துக்களுக்குப் பாதுகாப்பளிக்காது எனக் கருதிப் பதவியைத் துறந்தார். அவருடைய கொள்கைகளை ஏற்பாரும் மறுப்பாரும் நம் சங்கத்திலேயே உண்டு; பதவியை உதறுவதில் அவர் தயங்கியதில்லை என்பதை இருசாராரும் ஒப்புவர்.

1951 அக்டோபரில் பாரதிய ஜனசங்கத்தைத் தொடங்கினார். சில மாதங்களில் முதற் பொதுத்தேர்தல் வந்தது. கல்கத்தா தென்கிழக்கு என்னும் புதிய தொகுதியில் தீபச் சின்னத்துடன் நின்று வென்றார். தேசம் முழுவதிலும் அக்கட்சி பெற்ற ஸ்தானங்கள் 3. அவற்றுள் இஃது ஒன்று. லோகசபையில் எதிர்க்கட்சியினரின் முன்னணிப் பேச்சாளராகவும் விளங்கினார்.

அப்பதவி நீடிக்கவில்லை. 1953 மே 11-ஆம் தேதி அனுமதிச் சீட்டின்றிக் காஷ்மீருக்குள் புகுந்து சிறைப்பட்டார். ஜூன் 23-ஆம் தேதி ஸ்ரீநகரில், காவலில் இருந்தபடியே காலமானார். விசாரணை வேண்டும் என்று அவருடைய அன்னையார் யோகமாயா தேவி நேருவுக்கு எழுதினார், விசாரணை நடைபெறவில்லை. பெற்ற வயிற்றின் கேள்விக்கு விடை கிடைக்காமற் போனது, கட்சி எதுவாயினும், வருந்தத்தக்கதே.

அனுதாபத்தால் அத்தொகுதி ஜனசங்கத்துக்கே மீளும் என்று எண்ணினோர் உபதேர்தலில் ஏமாந்தனர். காங்கிரஸ் நிறுத்தியவர், டோக்கியோ யுத்தக் குற்ற விசாரணையில் தனித் தீர்ப்பளித்த ராதா வினோத பாலர். வென்றவரோ கம்யூனிஸ்டு வழக்கறிஞர் சாதன் குப்தா. பெரியம்மையால் இளமையிலேயே கண்ணொளி இழந்த அவர், நம் பாராளுமன்றத்தின் முதல் பார்வையற்ற அங்கத்தினரானார். ஜனசங்கம் வெகுவாகப் பின்தங்கியது.

ஒரே ஜனங்கள் இரண்டாண்டுக்குள் இத்துணை தூரம் பெயர்ந்ததேன்? அவ்வாண்டு ஜூலையில் டிராம் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதால் நகரமே கொந்தளித்தது. அப்போராட்டத்தில் இடதுசாரிகள் முன்நின்றனர். இருப்பிடமற்ற அகதிகளின் துயரும் அப்படியே இருந்தது. 1952-இல் விழுந்த வாக்குகள் கட்சிக்கல்ல, சியாமப்பிரசாதர் என்னும் மனிதருக்கே என்பது அடியேன் கருத்து.

1957 தேர்தலுக்குள் எல்லைகள் திருத்தப்பட்டுக் கல்கத்தா தென்கிழக்கு என்னும் பெயரே மறைந்தது. சாதன் குப்தா அம்முறை கல்கத்தா கிழக்கிலிருந்து லோகசபை சென்றார்.