தோத்த ஆட்டத்தோட உட்கார்ந்த எஞ்சினியர்

நேத்து ராத்திரி மொபைல்ல செஸ் தோத்ததும் என்ன பண்ணீங்க? உடனே ரீமேட்ச் அமுக்கியிருப்பீங்க. இல்லேன்னா என்ஜின் சிவப்புல காட்டின மூவை ஒரு செகண்ட் பாத்துட்டு மூடியிருப்பீங்க. இந்த ரெண்டையும் செய்யாத ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கியைத் தினமும் ரயில்ல இருந்து பாக்குற ட்ரிபிள் ஈ மக்களே, இவரும் உங்க டிபார்ட்மென்ட்தான்.

மிகயில் போத்வின்னிக். 1911-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே பிறந்தார். செஸ் கற்றது 12 வயதில்தான். 1948-ல் உலக சாம்பியன். 1951-ல் மின்பொறியியலில் டாக்டர் பட்டம். உலகப்போர் சமயத்தில் பெர்ம் நகரில் மின்துறை வேலை பார்த்துக்கொண்டே ஆட்டங்களுக்கு விளக்கம் எழுதினார்.

தன் ஆட்டத்தைத் தானே அலசி, அதை அச்சிலும் போட்டுவிடுவார். வீட்டோடு வைத்துக்கொண்டால் நம்மையே நாம் ஏமாத்திக்குவோம். வெளியே விட்டால் எவனாவது ஓட்டையைக் கண்டுபிடிப்பான் என்பது அவர் கணக்கு. கடிகாரம் பார்க்காமல் யோசித்துக் கடைசியில் திணறுபவர்களுக்கு ஒரு வைத்தியமும் சொன்னார்: பயிற்சி ஆட்டத்தில் ஜெயிப்பதை மறந்துவிட்டு நேரத்தை மட்டும் கவனி. சிகரெட் புகை தொந்தரவு செய்ததால், நண்பர் ரகோஸினைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊதச் சொல்லியே பழகினார். கொஞ்சம் ஓவர்தான்!

பெரிய சோதனை 1960-ல். 23 வயது மிகயில் தால் அவரைத் தோற்கடித்துப் பட்டத்தைப் பறித்தார். (ஆமா, நம்ம ஆனந்த் சின்ன வயசுல ஆடிப் பழகின சென்னை தால் செஸ் கிளப், இவர் பேர்லதான்.) போத்வின்னிக்குக் கிட்டத்தட்ட 49 வயசு. எல்லாரும் கதை முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. அவர் அந்த 21 ஆட்டங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காய்கள் தாராளமாகப் பாயும் நிலை வந்தால் தால் கொன்றுவிடுகிறார்; தானோ அந்த மாதிரி நிலைக்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டிருக்கிறார். 1961 மறுபோட்டியில் ஆட்டத்தை அடைத்து வைத்தார், ராணிகளைச் சீக்கிரம் வெட்டி இறுதிக்கட்டத்துக்கு இழுத்தார். 13-க்கு 8. தாலுக்கு அப்போது உடம்பு சரியில்லை என்பதையும் சொல்லணும். ஆனா அது மட்டும் காரணமில்லை.

பிறகு தன் பள்ளிக்கு வந்த பிள்ளைகளையும் அவங்கவங்க ஆட்டத்தை எல்லார் முன்னாடியும் அலசிக் காட்ட வைத்தார். கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் எல்லாம் அங்கே படிச்சவங்க.

1995-ல் மாஸ்கோவில் இறக்கும்வரை, மனுஷன் யோசிப்பது போலவே யோசிக்கும் செஸ் புரோகிராம் ஒன்றுக்காக உழைத்தார். அது பெரிய ஆட்டக்காரனாகவே ஆகலை. ஆனா அதே முறையைச் சோவியத் மின்நிலையங்களின் பராமரிப்பு வேலைகளைத் திட்டமிடப் பயன்படுத்தினாங்க.